கற்றாழை பூசலாம், நிழலையும் கேட்கலாம்



மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் டிஸ்பென்சரித் திண்ணையில் ஒரு தனிக்கூட்டம் சேர்ந்துவிடும். காலை ஐந்தரை மணி, பெரட்டுக்கு இன்னும் நேரமிருக்கும். அதற்குள் நாலைந்து பேர் சட்டையைத் தோளில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "டிரெசரய்யா, ராத்திரி பூரா தூக்கமில்லே. முதுகு நெருப்பாக் காயுது. பாய்ல படுக்க முடியலே" என்பார்கள். என்ன பூசினாய் என்று கேட்டால் ஒருத்தி தேங்காய் எண்ணெய் என்பாள், ஒருவர் பற்பசை என்பார், இன்னொரு பெரியவர் கிச்சாப் என்பார். கோழிக்குப் பூசுவதைத் தன் தோளுக்குப் பூசிக்கொண்டு வந்திருப்பார்!

சிரிக்கிற விஷயமில்லை. அடுப்புச் சூடு பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். வெயில் அப்படியில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. புறஊதாக் கதிர் என்று பள்ளிப்பிள்ளைகள் படிக்கிறார்கள். அது தோலுக்குள் இறங்கி வேலை செய்தபிறகு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். நாலைந்து நாள் கழித்துத் தோல் உரியும். காட்டில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தபிறகுதான் தெரியும். வேலைக்காட்டில் பட்ட காயம் வீட்டில் தெரிவதால்தான் அது வீட்டு வைத்தியத்தோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்துக் காயப் புத்தகத்தில் அது ஏறுவதே இல்லை. இந்த மாதம் நான் எழுத வந்தது இதைப்பற்றித்தான். வைத்தியத்தையும் சொல்லுகிறேன், புத்தகத்தையும் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு பழைய பொய்யைத் தீர்த்துவிடலாம். "நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் என்னா பண்ணும்?" நம் ஆட்களே இப்படிச் சொல்லுகிறார்கள். மண்டோரும் சொல்லுகிறார், சின்னத் தொரையும் சொல்லுகிறார். கறுத்த தோலில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் அதிகம், அது வெள்ளைத் தோலைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தாங்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு வெயில் சுட்டால் தக்காளி மாதிரி சிவந்துபோவான், பார்க்கிறவன் பரிதாபப்படுவான். நமக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்த்தால் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும், தோல் இழுத்துப் பிடித்தமாதிரி இருக்கும், சட்டை உரசினால் எரியும். சிவப்பு தெரியவில்லை என்பதற்காகக் காயம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தலைமுறை தலைமுறையாக நம்மை வெயிலில் நிறுத்தி வைக்க இந்தப் பேச்சு நன்றாகவே உதவியிருக்கிறது.

இப்பொழுது வைத்தியத்துக்கு வருவோம்.

முதல் மருந்து தண்ணீர். வேறெதையும் தேடுவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துண்டை எரிகிற இடத்தில் 10, 15 நிமிடம் போர்த்துங்கள். துண்டு சூடானதும் மறுபடி நனையுங்கள். படுக்கப்போகும் வரை மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யலாம். ஒரு சங்கதி மறந்துவிடக்கூடாது. லயத்து வீடுகளில் மேல்தொட்டித் தண்ணீர் மதியத்தில் வெந்நீராக இறங்கும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் ஊற்றவேண்டும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள். வெந்த தோல் ஐஸ் பட்டால் இன்னும் நோகும். சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

அடுத்தது கற்றாழை. திருஷ்டிக்கென்று வாசலில் கட்டித் தொங்கவிட்ட கற்றாழையும், சட்டியில் நட்ட கற்றாழையும் நம் வீடுகளில் உண்டு. மலாய்க்காரர்கள் இதை லிடா புவாயா, அதாவது முதலை நாக்கு என்பார்கள். நல்ல பொருள், ஆனால் எடுக்கிற முறை பலருக்குத் தெரிவதில்லை. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், தடிக்கும். ஆகையால் வெட்டிய மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, நன்றாகக் கழுவி, பச்சைத் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுக்கவேண்டும். முதலில் முன்கையில் கொஞ்சம் தடவிக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் பூசலாம். எரிச்சல் அடங்கும், தோல் இழுப்பது குறையும். ஆனால் வெயிற்புண்ணைக் கற்றாழை சீக்கிரம் ஆற்றிவிடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆறுவது தோலின் வேலை, அதற்கு நாள் பிடிக்கும். கற்றாழையால் அன்றைக்கு ராத்திரி தூங்கலாம். அதுவே பெரிய உதவிதானே?

வெள்ளரிக்காயும் அப்படித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அந்தக் குளிர்ச்சிதான் அதன் வைத்தியம். தயிரையும் மோரையும் முதுகில் பூசுவதைவிட உப்புப் போட்டுக் குடிப்பதே மேல் என்பது என் கட்சி. பழைய சோற்று நீராகாரம், இளநீர், கஞ்சித்தண்ணீர் எல்லாம் நல்லவை. வெயில் சுட்ட உடம்பு தண்ணீரையும் இழந்திருக்கும். அன்று மாலை பீரோ சம்சுவோ குடித்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். "குளிர்ச்சிக்காகத்தான் டிரெசர்" என்று சொல்லும் அண்ணன்மாருக்கு இதைத் தனியாகவே சொல்லிவைக்கிறேன்.

மலாய்க் கம்பத்துப் பெண்களிடமிருந்து நம் பெண்கள் பழகிக்கொண்ட பெடாக் செஜுக் இருக்கிறதே, அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டு அரைத்து உருட்டிக் காயவைப்பது, அது தோல் உரியாமல் கொப்புளமில்லாமல் இருக்கிற இடத்துக்குச் சரி. குழைத்து மெல்லிசாகப் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும். தோல் கிழிந்த இடத்தில் பூசினால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கடையில் விற்கும் சந்தனப் பொடியில் சந்தனம் எவ்வளவு, சாயம் எவ்வளவு, வாசனை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. பூசாமல் இருப்பது நல்லது.

கூடாதவை என்று சிலவற்றை நான் கண்டிப்பாகவே சொல்லுகிறேன். தேங்காய் எண்ணெய், நெய், மார்ஜரின் எதையும் முதல் நாள் பூசவேண்டாம். சூடு வெளியேறுவதை அவை தடுக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, சூடெல்லாம் தணிந்து தோல் வறண்டு உரிகிறபோது கொஞ்சம் எண்ணெய் தடவினால் குற்றமில்லை. பற்பசை, கிச்சாப், முட்டை வெள்ளைக்கரு, தலைவலித் தைலம் எல்லாம் புண்ணுக்கு எதிரி. தைலம் சில்லென்று இருக்கிறமாதிரி ஏமாற்றும், ஆனால் வெந்த தோலை அது மேலும் எரிக்கத்தான் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது எலுமிச்சம்பழம். முகம் கறுத்துவிட்டது, கல்யாணம் வருகிறது என்று நம் இளம்பெண்கள் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொள்கிறார்கள். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருளும் வெயிலும் சேர்ந்து தோலைக் கொப்புளிக்க வைக்கும். கொப்புளம் ஆறியபிறகு கருந்தழும்பு விழுந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மறையாது. கறுப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கி வருவது இதுதான். லீமாவ் பிழிந்து தண்ணீர் கலக்கிக் கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் கையில் இது வருவதுண்டு. கையைக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போகவேண்டும்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். அதன் மேல்தோல்தான் கடவுள் போட்ட கட்டு. வலிக்குப் பனடோல் போதும். பொன்ஸ்தான் மாதிரி மாத்திரைகளைத் தண்ணீர் வற்றிய உடம்போடு வெறும் வயிற்றில் போட்டால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எலிக்காய்ச்சலுக்காக டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வெயிலில் வேகக்கூடும். உங்களுக்கு என்ன மாத்திரை என்று தெரியாவிட்டால் பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடவேண்டாம்.

காய்ச்சல், வாந்தி, பெரிய பெரிய கொப்புளம், முகமெல்லாம் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கற்றாழையோடு நேரம் கடத்தக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். காட்டில் ஒருவர் தடுமாறினால், பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், மயங்கினால் அது வெறும் வெயிற்புண் இல்லை, வெப்ப அதிர்ச்சி. உடனே நிழலுக்கு இழுத்துச் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே 999-க்குக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். லோரி வரட்டும் என்று சும்மா காத்திருந்தால் ஆளை இழந்துவிடுவோம்.

நிற்க. வீட்டு வைத்தியம் இவ்வளவுதான். இது முழுவதும் வெயிற்புண்ணுக்குச் சொன்னது. ஆனால் வெயில் சுட்டது என்று வருகிற எல்லாமே வெயில் சுட்டதுதானா?

2017-ல் ஓர் அக்காள் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை. "வெயில் சுட்டுடுச்சு டிரெசர். மூணு நாளா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டேன், அடங்கலே" என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பாகத்தில் ஒரு தட்டு அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. வெயிலுக்கு முழுக்கைச் சட்டைக்குள்ளே நுழைந்து முதுகின் அடியில் மட்டும் சுடத் தெரியுமா? முதுகில் சுமக்கிற பம்பின் அடிமூடி கசிந்திருக்கிறது. நாலைந்து நாள் ஈரச் சட்டையோடே வேலை செய்திருக்கிறார். ஈரத்தை வியர்வை என்று நினைத்திருக்கிறார். அன்று பம்பில் இருந்தது பாராகுவாட். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவருக்கு அது "மருந்து".

நம் பேச்சில் இந்த ஒரு சொல் செய்திருக்கும் அநியாயத்தைப் பாருங்கள். நான் கொடுப்பதும் மருந்து, பம்பில் ஊற்றுவதும் மருந்து. விஷமடிக்கும் வேலை என்று சொல்லியிருந்தால் அந்த அக்காள் ஈரச் சட்டையோடு நின்றிருப்பாரா?

பாராகுவாட் பற்றிச் சங்கங்களும் தெனாகனித்தா போன்ற அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் பேசியதை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2002-ல் அதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-ல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அது போனாலும் களைக்கொல்லி அடிக்கும் வேலை போகவில்லை. கிளைஃபொசேட், குளுஃபொசினேட் என்று வேறு டின்கள் வந்திருக்கின்றன. பாராகுவாட் அளவுக்குக் கொடியவை அல்ல என்றாலும் தோலுக்கும் கண்ணுக்கும் அவை நல்லவை இல்லை.

ஆகவே மருந்தடிக்கிறவர்களுக்கும் டின் தூக்கிக் கலக்குகிறவர்களுக்கும் கற்றாழை முதல் வைத்தியம் இல்லை. நனைந்த சட்டையை அந்த இடத்திலேயே கழற்றவேண்டும், வெட்கம் பார்க்கக்கூடாது, கூட இருக்கிற பெண்கள் சாரோங்கைப் பிடித்து மறைக்கலாம். சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவவேண்டும். எண்ணெய் கூடவே கூடாது. தோலில் விஷம் இருக்கும்போது எண்ணெய் பூசினால் அது உள்ளே போவதற்கு வழி செய்துகொடுத்ததாகவும் ஆகலாம். பால் குடித்தால் விஷம் முறியும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். கழுவிவிட்டு, டின்னில் ஒட்டியிருக்கிற லேபிளோடு என்னிடம் வாருங்கள். லேபிள் இல்லாமல் வந்தால் டாக்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வைத்தியம் பார்க்கவேண்டும். புண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு நல்ல கணக்கு. வெயில் பிடரி, காது, மூக்கு, முன்கை என்று திறந்த இடத்தில் சுடும். சட்டைக்குள்ளே, வார் அழுத்துகிற இடத்தில், பூட்சுக்குள்ளே, தொடையில் புண் இருந்தால் மருந்தைச் சந்தேகப்படுங்கள்.

அந்த அக்காளுக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்போட்டேன், டாக்டரிடம் அனுப்பினேன், பம்பு மாற்றச் சொன்னேன். ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களில் இதே மாதிரி வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கலமைன் லோஷனைக் கையில் கொடுத்து "வெயில்லே நிக்காதே" என்று சொல்லி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெயிலில் நிற்காதே! வெயிலில் நிற்பதுதானே அவர்கள் வேலை? நிழல் வேலைக்குச் சீட்டு எழுதினால் மண்டோர் முகம் கோணும், ஆபீசிலிருந்து "என்ன டிரெசர், வெயிலுக்கெல்லாமா?" என்று ஒரு வார்த்தை வரும். லோஷன் கொடுத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வீட்டு வைத்தியமும் அந்த லோஷன் மாதிரிதான் ஆகிவிடக்கூடும் என்பதே என் பயம்.

வெயில் முன்னேயும் இருந்தது, இப்போது மட்டும் என்ன என்று கேட்கலாம். நம் மலாக்காவில்தான் டான் சாய் யான் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலைத் தொடங்கிவைத்தார். பால்வெட்டு கஷ்டமான வேலைதான், ஆனால் இருட்டோடு இறங்கி, மர நிழலில் நடந்து, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடிக்கிற வேலை. இலை உதிரும் இரண்டு மாதம்தான் தலைக்கு மேலே மொட்டை. பிறகு ஜாசின் பக்கமும் அலோர் காஜா பக்கமும் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். வளர்ந்த செம்பனைக்கு நிழல் உண்டு. மறுநடவுக் காட்டில் நிழல் உண்டா? நாற்றுமேட்டில் உண்டா? கறுப்புப் பைகளில் மண் அள்ளிப் போடுகிற பெண்களைப் பாருங்கள், கண்ணுக்கெட்டின தூரம் ஒரு குடை அளவு நிழல் இருக்காது. அந்த வேலையில் இப்போது நம் பெண்களோடு வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியச் சகோதரிகளும் நிற்கிறார்கள். வெயில் பாஸ்போர்ட் பார்த்துச் சுடுவதில்லை.

நேரக் கணக்கிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. உச்சிவேளை 12 மணி என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். 1982 ஜனவரி 1-ல் சபா சரவாக்கோடு ஒரே நேரம் ஆவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சூரியனை யார் தள்ளுவது? இன்றைக்கு மலாக்காவில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறத்தாழ 1 மணி 10 நிமிடத்துக்கு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைதான் தள்ளி இருக்கிறோம். மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலும் சூரியன் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். அந்த நாட்களில் ஒன்றேகால் மணி வாக்கில் பெரட்டுக் களத்துக் கொடிக்கம்பத்தைப் போய்ப் பாருங்கள், அதன் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். கதிர் கடுமையாக இருப்பது காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரை. மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. "பன்னிரண்டுக்கு மேலே வெயில் இறங்கிடும், இன்னும் ரெண்டு நெரை முடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லுகிற மண்டோரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வானிலை இலாகா மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது, 37-க்கு மேல் போனால் இரண்டாம் நிலை, 40-க்கு மேல் மூன்றாம் நிலை. நம் நாட்டில் பதிவான ஆக அதிக வெப்பம் 1998 ஏப்ரல் 9-ல் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி. இந்த டிகிரியெல்லாம் காற்றோட்டமான நிழல் பெட்டிக்குள் வைத்து அளப்பது. திறந்த காட்டில் பூட்சும் கையுறையும் முகமூடியும் போட்டுப் பம்பு சுமக்கிறவளின் முதுகில் யாரும் வெப்பமானி வைப்பதில்லை.

வெளியுலகில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரபு நாடுகள் தொழிலாளிக்குச் சலுகை கொடுப்பதில் பேர்போனவை அல்ல. அங்கேகூடக் கோடை மாதங்களில் நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி தொடங்கிப் பிற்பகல் மூன்றரை வரை நிறுத்தம். தமிழ்நாட்டு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள் சர்க்கரை நோயும் இல்லாமல் இரத்த அழுத்தமும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அங்கே பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வெயிலில் வேலை செய்ததால் வந்த தோல் புற்றுநோயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 பேர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2023-ல் கணக்குக் காட்டின. வெள்ளைத் தோலுக்குத்தான் அந்த ஆபத்து மிக அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் நமக்கும் கண்ணில் சதை வளர்வதும், வெப்பத்தால் சிறுநீரகம் கெடுவதும் உண்டு.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உண்டு. வேலையிட வெப்பத்தைப் பற்றி அந்த இலாகா 2016-ல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்புகிற தொழிலாளி முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாகவேண்டும். அதில் நம் ஆளும் உட்காருகிறார். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரை மணி ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது 1955 வேலைச் சட்டம். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் குழுவில் பேசுவதற்குக் கையில் கணக்கு வேண்டாமா? இந்த மாதம் இத்தனை பேருக்கு வெயில் சுட்டது, இன்ன காட்டில், இன்ன நேரத்தில் என்று புத்தகத்தில் இருந்தால்தான் பேசமுடியும். நீங்கள் வீட்டில் கற்றாழை பூசிக்கொண்டு சும்மா இருந்துவிட்டால் புத்தகம் வெறுமையாக இருக்கும். "கேஸே இல்லையே டிரெசர்" என்று ஆபீசில் சொல்வார்கள். அப்போது நான் என்ன பதில் சொல்ல?

எனவே கற்றாழை பூசுங்கள், ஆனால் பூசிவிட்டு மறுநாள் காலையில் என்னிடம் வந்து பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். மருந்து வாங்கவேண்டும் என்றுகூட இல்லை. பெயர், காடு, வேலை, நேரம், அவ்வளவுதான்.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டு, தலைத்துண்டு கட்டி, அதன்மேல் தொப்பி வைத்துக் காட்டுக்குப் போனார்கள். இப்போது சில இளம்பிள்ளைகள் அரைக்கைப் பனியனோடு இறங்குகிறார்கள். பார்க்கவே எனக்கு முதுகு எரிகிறது. கடையில் விற்கும் வெயில் தடுப்புக் களிம்பு நல்லதுதான், ஆனால் வியர்வையில் கரைந்துவிடும், இரண்டு மணிக்கு ஒருதரம் பூசவேண்டும், நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பிடரியை மூடுகிற துண்டு அதைவிட மலிவு, அதைவிட உறுதி. தண்ணீர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை குடிக்கவேண்டும். அதற்குத் தண்ணீர் காட்டுக்கே வரவேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகிற ஒரு போத்தல் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களையும் நீண்ட லீவு போட்டுத் திரும்பியவர்களையும் முதல் நாளே முழு வேலையில் நிறுத்தக்கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் இரண்டு வாரம் பிடிக்கும்.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்றுமேட்டுப் பெண்கள் போன வருஷம் கிளைக் கூட்டத்தில் எழுந்து நிழல் கேட்டார்கள். முதல் தடவை "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவது தடவையும் "பார்க்கலாம்". மூன்றாவது தடவை பதினோரு பேரின் பெயர் எழுதிய டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் பாதுகாப்புக் குழுவில் மேசைமேல் வைத்தார்கள். அடுத்த வாரம் நாலு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தார்கள், அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்தது. பெரிய விலை இல்லை. மருந்தடிக்கிற கூட்டத்துக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர்கள் நாளுக்கொரு காட்டில் இருப்பதால் தார்ப்பாய் கட்ட இடமில்லையாம். லோரியில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போகலாமே என்று ஓர் அக்காள் கேட்டார். அந்தக் கேள்வி அடுத்த குழுக் கூட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.